நான் நடத்திய ஒரு பாடத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பத்து நிமிஷம் பிடித்து வைப்பவன் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. இன்றும் பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கோபமாகவும் இருக்கும். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே.

போன வியாழக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை மகன் ஒரு லேப் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். மூன்று நாளாகக் காய்ச்சலாம். 'விடால் டெஸ்ட், ஓ 1:160, ஹெச் 1:160, பாசிட்டிவ்' என்று சிவப்பு மையில் அடிக்கோடு. அரை மணி நேரத்தில் பதினான்கு பதில்கள். காரம் தொடாதே, எண்ணெய் தொடாதே, இட்லியும் ரசம் சாதமும் மட்டும் சாப்பிடு, இளநீர் குடி. யாராவது ஒருவர் 'அந்த டெஸ்ட் சரியா?' என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. மாறாக, என்னிடம் பிளஸ் டூ படித்து இப்போது எங்கள் வீட்டுக்கே மருமகளாக வந்திருக்கும் பெண் எழுதினாள்: "மாமா, நீங்கதானே நடத்துனீங்க, விடால் டெஸ்ட் பாசிட்டிவ்னா டைபாய்டு கன்ஃபர்ம்னு. ஒரு மார்க் கேள்வி!"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. 'டைபாய்டு காய்ச்சலை உறுதிசெய்யும் சோதனை எது?' 'விடால் சோதனை.' கரும்பலகையில் எத்தனை வருஷம் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நீட் எழுதப் போகும் பிள்ளைகள் அதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த ஒரு மார்க்கை வாங்கியவர்கள் டாக்டர்களாகவும், லேப் டெக்னீஷியன்களாகவும், மெடிக்கல் ஷாப் முதலாளிகளாகவும் வந்து, அதே விடையை இப்போது ரிப்போர்ட்டாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

அந்த விடை தப்பு. ஒரே ஒரு தடவை எடுத்த விடால், டைபாய்டை உறுதிசெய்யாது. நம்மைப் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு நிச்சயம் செய்யாது.

ஏன் என்று சொல்கிறேன். டைபாய்டை உண்டாக்குவது சால்மோனெல்லா டைஃபி என்ற பாக்டீரியா. நோயைக் கண்டுபிடிப்பது என்றால் அந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க வேண்டும். விடால் டெஸ்ட் அதைத் தேடுவதே இல்லை. உங்கள் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, ஒரு அட்டையில் சொட்டு விட்டு, பாட்டிலில் வரும் கொல்லப்பட்ட பாக்டீரியா திரவத்தை அதோடு கலக்குவார்கள். ஓ ஆன்டிஜென் நீல நிறம், ஹெச் ஆன்டிஜென் சிவப்பு நிறம். ஒரு நிமிஷம் ஆட்டினால் திரிதிரியாகச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். சேர்ந்தால் உங்கள் ரத்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். அது எப்போது உண்டானது என்று அந்த அட்டை சொல்லாது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். 1991ஆம் வருஷத்து வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் உங்கள் பெயர் இருக்கும். அதைக் காட்டி, 'இதோ இவன் இன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்' என்று நான் தலைமையாசிரியரிடம் சொன்னால் என்னை என்ன செய்வார்? விடால் பார்ப்பது பழைய பதிவேடு. பிளட் கல்ச்சர் என்பது வகுப்புக்குள் எட்டிப் பார்ப்பது.

நம் ஊரில் இந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதவன் அபூர்வம். தெருக்குழாய்த் தண்ணீரும், பஸ் ஸ்டாண்டு சர்பத்தும், கல்யாணப் பந்தியும் சேர்ந்து நம்மில் பலருக்கு எப்போதோ இந்தக் கிருமியை, அல்லது அதன் பங்காளிகளை, அறிமுகப்படுத்தியிருக்கும். சால்மோனெல்லா குடும்பத்தில் வேறு உறுப்பினர்களுக்கும் அதே மாதிரி ஓ ஆன்டிஜென் உண்டு. பழைய டி.ஏ.பி. தடுப்பூசி போட்டவர்களுக்கு ஹெச் எதிர்ப்பொருள் வருஷக்கணக்கில் நிற்கும். போதாக்குறைக்கு மலேரியா போன்ற வேறு காய்ச்சல்களிலும் விடால் பாசிட்டிவ் காட்டும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கு எடுத்தாலே 1:80 வருவது நம் நாட்டில் சாதாரணம்.

இன்னொரு வேடிக்கை. நிஜமாகவே டைபாய்டு வந்தவருக்கும் எதிர்ப்பொருள் உண்டாக ஒரு வாரம் போல ஆகும். அப்படியானால் மூன்றாம் நாள் எடுத்த விடால் எதைக் காட்டும்? டைபாய்டு இருப்பவனுக்கு 'இல்லை' என்று காட்ட வாய்ப்பு, இல்லாதவனுக்குப் பழைய கணக்கை எடுத்து 'இருக்கிறது' என்று காட்ட வாய்ப்பு. முறையாகச் செய்வதென்றால் பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களில் யாருக்காவது, எந்த லேபிலாவது, அப்படி இரண்டாவது தடவை வரச் சொல்லியிருக்கிறார்களா?

விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை வெளியிட்டது 1896இல். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆண்டிபயாடிக் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது. அன்றைக்கு அது பெரிய சாதனை. நம் குற்றம், 130 வருஷம் கழித்தும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவது.

சரி, டெஸ்ட் தப்பானால் என்ன, நாலு மாத்திரை கூடப் போகும், அவ்வளவுதானே என்பீர்கள். என் பெரிய அக்காவின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு அக்காவுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். ஊரில் ஒரு லேபில் விடால் எடுத்தார்கள். 1:160. டைபாய்டு என்று பத்து நாள் ஒஃப்ளாக்சசின் மாத்திரை. அக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, நீ படிச்சவன், இது சரியாப்பா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடால் பாசிட்டிவ்னா டைபாய்டுதான்க்கா. மாத்திரையைப் பாதியில நிறுத்தாம முழுசாச் சாப்பிடுங்க." ஒரு மார்க் கேள்விக்கு விடை சொன்ன மாதிரியே சொன்னேன்.

காய்ச்சல் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. மறுபடியும் விடால், மறுபடியும் 1:160. 'டைபாய்டு திரும்பிவிட்டது' என்று இந்த முறை ஊசி. அதற்குள் அக்கா ஒன்பது கிலோ இளைத்துவிட்டார். பத்தியச் சாப்பாட்டால் இளைப்பு என்று நாங்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். இருமல் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கையில் விடை இருக்கும்போது யார் கேள்வி கேட்பார்கள்?

கடைசியில், பேத்திக்குத் தடுப்பூசி போட அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன இடத்தில், அக்கா இருமுவதைப் பார்த்து ஒரு நர்ஸம்மா, "எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டிருக்கிறார். ஒரு டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி வேண்டும், எச்சில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தச் சளியை சிபிநாட் சோதனைக்கு அனுப்பினார்கள். காசநோய்.

இந்த சிபிநாட் கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கிற சோதனை. இரண்டு மணி நேரம் போல ஓடும். காசநோய்க் கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். மைக்ராஸ்கோப்பில் சளியைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு மில்லியில் ஆயிரக்கணக்கில் கிருமிகள் வேண்டும். இதற்கு அதைவிட எவ்வளவோ குறைவாக இருந்தாலே போதும். அரசு மருத்துவமனையில் இலவசம். அந்த நர்ஸம்மாவின் ஒரு கேள்வி செய்ததை, காசு கொடுத்து எடுத்த இரண்டு விடால் செய்யவில்லை.

இதில் எனக்கு இன்னும் உறைக்கும் விஷயம், ஒஃப்ளாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அமுக்கும். அதனால்தான் முதலில் காய்ச்சல் குறைந்தது. கிருமி சாகவில்லை, பதுங்கியது. 'மருந்து கேட்டது, அதனால் டைபாய்டுதான்' என்று நாங்கள் அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டோம். இரண்டரை மாதம் போனது. அத்தனை நாளும் மூன்று வயதுப் பேத்தி அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். குழந்தைக்கு நோய் வரவில்லை. ஆனால் ஆறு மாதம் தினமும் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா பிழைத்துக்கொண்டார். நுரையீரலில் ஒரு பகுதி சுருங்கிப்போய்விட்டது. இன்றைக்கும் மாடிப்படி ஏற முடியாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் கீழ் அறையில்தான் தங்குகிறார். நான் ஒவ்வொரு தடவையும் அந்தப் போன் பேச்சை நினைத்துக்கொள்கிறேன்.

பதிவேட்டைப் பார்க்காமல் வகுப்புக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி? என் மாணவர்களில் லேப் பக்கமே போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

பிளட் கல்ச்சர் என்றால் ரத்தத்தைக் கிருமி வளரும் சத்துத் திரவம் உள்ள பாட்டிலில் விட்டு, உடல் வெப்பத்தில் வைத்துக் காத்திருப்பது. உள்ளே கிருமி இருந்தால் பெருகும். பெருகும்போது கரியமில வாயு விடும். இப்போதைய மெஷின்கள் அந்த வாயுவை மோப்பம் பிடித்து மணி அடிக்கும். உடனே ஒரு சொட்டு எடுத்து கிராம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பிறகு தட்டில் தேய்த்து வளர்ப்பார்கள். அந்தத் தட்டில் இருக்கும் கெட்டிப் பொருள் அகார். ரம்ஜானுக்கு என் பழைய மாணவர்கள் வீட்டிலிருந்து வரும் கடல்பாசி இனிப்பு இருக்கிறதே, அதே சங்கதிதான். ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, அடுப்படி அனுபவத்திலிருந்து 1880களின் தொடக்கத்தில் சொன்ன யோசனை அது. அதற்கு முன் ஜெலட்டினை வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் அது உருகி ஓட, அவர்கள் பட்ட பாடு பெரும்பாடு. இதைப் புத்தகத்தில் போட மாட்டார்கள்.

மெக்கான்கி என்ற தட்டில் டைபாய்டு கிருமி நிறமில்லாமல் வளரும், ஏனென்றால் அதற்கு லாக்டோஸ் சர்க்கரையைப் புளிக்க வைக்கத் தெரியாது. இப்படி இன்னும் சில பரிட்சைகள் வைத்து, கடைசியில் தெரிந்த எதிர்ப்பொருளை அதன் மேல் விட்டுத் திரள்கிறதா என்று பார்த்துப் பெயரை உறுதி செய்வார்கள். விடாலில் நடக்கும் அதே திரளல்தான். ஆனால் இங்கே கிருமி கையில் இருக்கிறது. அதன் பிறகு வேறொரு தட்டில் அதைப் பரப்பி, மருந்து தோய்த்த சின்னச் சின்ன வில்லைகளை வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டம் விழுகிறதோ, அந்த வட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, இந்த மருந்து கேட்கும், இது கேட்காது என்று எழுதுவார்கள்.

அந்தக் கடைசி வரிதான் நமக்கு வேண்டியது. விடால் ரிப்போர்ட்டில் அது ஒருநாளும் வராது. 1972இலேயே நம் பக்கத்துக் கோழிக்கோட்டில் குளோராம்பெனிகாலுக்கு அடங்காத டைபாய்டு பரவியது. இன்று நம் நாட்டு டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவற்றை சிப்ரோஃப்ளாக்சசினை நம்பிக் கட்டுப்படுத்த முடியாது. 2016 கடைசியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்காத டைபாய்டு கிளம்பியது. மாத்திரையில் அசித்ரோமைசின்தான் மிச்சம் என்ற நிலை. அது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? கல்ச்சர் எடுத்ததால். சிந்துவில் எல்லோரும் விடாலோடு நின்றிருந்தால், ஊசி போட்டும் பிள்ளைகள் ஏன் தேறவில்லை என்று தெரியாமலே இருந்திருப்பார்கள்.

இனி எதிர்வாதங்கள். என் மாணவர்களான டாக்டர்களும் லேப்காரர்களும் கமென்ட்டில் எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

கல்ச்சரும் எல்லோரிடமும் பிடிக்காது சார் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். டைபாய்டு உள்ள 100 பேரில் 40 முதல் 60 பேரிடம்தான் பிளட் கல்ச்சர் பிடிக்கிறது. எலும்பு மஜ்ஜையில் எடுத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். அதற்காக யாரையும் குத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் தவறுகிறது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். டைபாய்டு நோயாளிகள் பலரின் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இருப்பதில்லை. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எட்டுப் பத்து மில்லி எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு மில்லி எடுத்தால் எப்படிக் கிடைக்கும்? அதிலும் ஆண்டிபயாடிக் ஆரம்பித்து நாலாம் நாள் எடுத்தால்? ஆற்று நீரை ஒரு டம்ளரில் மொண்டுவிட்டு மீனே இல்லை என்று சொல்லக் கூடாது. கல்ச்சர் சில சமயம் 'தெரியவில்லை' என்று சொல்லும். விடால் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும். எனக்கு முதலாவது மாணவனைத்தான் எப்போதும் பிடிக்கும்.

ரெண்டு மூணு நாள் ஆகும், அதுவரை நோயாளி காத்திருக்க முடியுமா என்பீர்கள். யார் காத்திருக்கச் சொன்னது? முதலில் ரத்தத்தை எடுத்து பாட்டிலில் விடுங்கள், அடுத்த நிமிஷமே மருந்தை ஆரம்பியுங்கள். ரிசல்ட் வந்ததும் தேவையானால் மாற்றுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதுதான் விஷயம்.

எங்கள் சின்ன ஊரில் வசதி இல்லை என்பீர்கள். பெரிய லேப்களுக்கு சாம்பிள் அனுப்பும் பையன் பைக்கில் தினமும் வருகிறான். தைராய்டு டெஸ்ட்டெல்லாம் அப்படித்தானே போகிறது? கல்ச்சர் பாட்டிலும் போகும். ஒன்று மட்டும், அதை ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள்; சாதாரண அறை வெப்பத்தில்தான் வைக்க வேண்டும். (மூத்திரக் கல்ச்சருக்கு நேர் எதிர். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாதென்றால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியில் பெருகிய கிருமிக்கெல்லாம் உங்களுக்கு மருந்து கொடுப்பார்கள்.)

காசு. இது நியாயமான வாதம். கல்ச்சர் விடாலைவிடப் பல மடங்கு செலவு. ஆனால் விடாலை நம்பி ஐந்து நாள் போட்ட ஊசியையும், மறுபடி எடுத்த விடாலையும், மறுபடி போட்ட ஊசியையும் கூட்டிப் பாருங்கள். என் அக்காவுக்கான கணக்கு என்னிடம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கல்ச்சர் வசதி உண்டு, போகத்தான் நமக்குச் சோம்பல்.

எல்லா லேபிலும் 'காய்ச்சல் பேக்கேஜ்' என்று விடாலைச் சேர்த்தே விற்கிறார்கள், ஜனங்களே கேட்கிறார்கள் என்று ஒரு மாணவன் சொன்னான். தம்பி, ஜனங்கள் கேட்பது உண்மைதான். கேட்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது கேட்காதே என்று சொல்லிக் கொடுக்கிறேன். நீ பேக்கேஜிலிருந்து அதை எடு. அதில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு போகிறது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை, உனக்கே தெரியும்.

முடியாத காரியம் இல்லை இது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்துக் காசநோயைக் கண்டுபிடிக்கிறோம் என்று ஒரு காலத்தில் நம் நாட்டில் டெஸ்ட் கிட்டுகள் அமோகமாக விற்றன. அவை நம்பத்தக்கவை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் சொன்னது. 2012இல் மத்திய அரசு அவற்றைத் தயாரிக்கவும், இறக்குமதி செய்யவும், விற்கவும் தடை போட்டது. வியாபாரம் நின்றது, யாரும் செத்துப்போகவில்லை. டைபாய்டுக்கு அதே மாதிரி ஒரு முடிவு ஏன் எடுக்கக் கூடாது? 2017க்கும் 2020க்கும் இடையில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்நின்று நாட்டின் பல இடங்களில் டைபாய்டு எவ்வளவு இருக்கிறது என்று பெரிய ஆய்வு நடத்தியது. அதில் கணக்கெடுத்தது பிளட் கல்ச்சரை வைத்து. கணக்கெடுக்க உதவாது என்று ஒதுக்கிய டெஸ்ட், என் அக்காவுக்கு வைத்தியம் பார்க்க மட்டும் எப்படி உதவும்?

நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு என்ன மருந்து என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. சொல்லி ஒருமுறை பட்டது போதும். ஆனால் காய்ச்சலோடு லேபுக்குப் போகும்போது, 'கிருமியைப் பார்த்தீர்களா, எதிர்ப்பொருளைப் பார்த்தீர்களா?' என்று கேட்க யாருக்கும் எம்.பி.பி.எஸ். தேவையில்லை. ஆண்டிபயாடிக் எழுதும் டாக்டரிடம், 'சார், அதுக்கு முன்னாடி கல்ச்சர் எடுத்துடலாமா?' என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், யார் எந்த ரிப்போர்ட்டைக் காட்டினாலும், சளியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பள்ளிகளில் இப்போது உயிரியல் நடத்தும் என் மாணவர்கள் ஏழு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். தேர்வில் அந்த ஒரு மார்க் கேள்வி வந்தால் பிள்ளைகள் 'விடால்' என்றே எழுதட்டும், மார்க் போக வேண்டாம். ஆனால் எழுதச் சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டுக் கதையையும் சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிஷம் ஆகும்.

தங்கை மகன் விஷயம். வியாழக்கிழமை ராத்திரியே போன் செய்தேன். ஒரு வேளை மாத்திரை போட்டுவிட்டான். அடுத்த வேளைக்கு முன் டாக்டரிடம் பேசச் சொல்லி, வெள்ளிக்கிழமை காலை இரண்டு பாட்டிலில் கல்ச்சருக்கு ரத்தம் கொடுத்தான், டெங்குவுக்கும் மலேரியாவுக்கும் பார்த்திருக்கிறார்கள். டெங்குவுக்கான என்.எஸ்.1 பாசிட்டிவ் என்று அன்று சாயங்காலம் வந்தது. அது வைரஸின் புரதத்தையே பிடிக்கும் டெஸ்ட், பழைய பதிவேடு இல்லை. ஆண்டிபயாடிக்கை டாக்டர் நிறுத்திவிட்டார். தட்டணுக்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கல்ச்சர் பாட்டில் இன்னும் மெஷினில்தான் இருக்கிறது. இதுவரை மணி அடிக்கவில்லை.

லேப் வைத்திருக்கும் என் மாணவர்கள் மூன்று பேருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை தனித்தனியாகப் போன் செய்யப் போகிறேன். எடுங்கள்.